டாஸ் எர்ரர் 4: ஒரு கரிசக்காட்டு வரலாறு



வரலாறுன்னா சோழர் கல்வெட்டு, பாண்டியர் செப்பேடுன்னு தான் எழுதணும்னு சட்டமா என்ன? பொட்டி தட்டிப் பொழைக்கிற எங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. எங்களுக்குக் கல்வெட்டு கிடையாது, எர்ரர் மெசேஜ் தான். ஒவ்வொரு எர்ரரும் எந்த வருஷம் பொறந்துச்சு, ஏன் பொறந்துச்சுன்னு தோண்டினா, கம்ப்யூட்டர் நம்ம ஊர்ப்பக்கம் வந்த கதையே வெளிய வருது. நான் பொறக்குறதுக்கு முன்னாடி யாரோ எழுதின ஒரு சம்பளக் கணக்கு ப்ரோக்ராமைத் திரும்ப ஓட வைக்க வேண்டி வந்தப்போ தான் இதையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன். அந்தக் கதை நடுவுல வரும். மொதல்ல ஊர்.

கோவில்பட்டின்னதும் வெளியூர்க்காரங்களுக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரும் (2020ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு). விளையாட்டுப் பிரியர்களுக்கு ஹாக்கி. இலக்கியவாதிகளுக்கு இடைசெவல், கி.ரா. ஆனா எங்க ஊர்ல பாதிப் பேருக்குச் சோறு போட்டது தீப்பெட்டி. கரிசல் மண்ணு மானாவாரி பூமி. மழை பேஞ்சா பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி. பேயலைன்னா வெறுங்காடு தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து 1923ல சிவகாசியில ஆரம்பிச்சாங்க. அது அப்படியே சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலைன்னு பரவுனதுக்குக் காரணம் இந்த வறட்சி தான். காய்ஞ்ச காத்து குச்சிக்கும் மருந்துக்கும் நல்லது. வெள்ளாமை இல்லாத சனத்துக்கு வேலையும் வேணும்.

எங்க பக்கம் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்னு தான் சொல்வோம். "அவ ஆபீசுக்குப் போயிருக்கா"ன்னா ஏசி ரூம்னு நெனச்சுக்காதீங்க. கட்டை அடுக்குறது, பெட்டி ஒட்டுறது, பண்டல் போடுறது. பெரும்பாலும் பொம்பளைங்க. எல்லாம் பீஸ் ரேட்டு. இன்னைக்கு எத்தனை கட்டை, எத்தனை குரோஸ், அதுக்கு என்ன கூலி, முன்பணம் எவ்வளவு பிடிக்கணும், பி.எஃப் எவ்வளவு. சனிக்கிழமை சாயங்காலம் முன்னூறு பேர் வரிசையில நிப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற தொகை. மாசச் சம்பளம் குடுக்குற ஆபீஸ்ல குமாஸ்தா ஒரு தடவை கணக்குப் போட்டா வருஷம் ஓடும். இங்க வாராவாரம் மொதல்ல இருந்து. அதனால தான் இந்த மாதிரிச் சின்ன ஊர்கள்லயும் 90களோட ஆரம்பத்துலயே கணக்குப்பிள்ளை மேஜை மேல ஒரு பச்சை எழுத்து மானிட்டர் வந்து உக்காந்துச்சு.

அதுல என்ன ஓடுச்சு? அங்க தான் அமெரிக்கா வருது.

வெய்ன் ராட்லிஃப்னு ஒருத்தர். நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் லேப்ல, செவ்வாய்க்குப் போன வைக்கிங் திட்டத்துல வேலை பாத்தவர். 1978ல ஆபீஸ் நண்பர்களோட ஃபுட்பால் பந்தயம் கட்டுறதுக்காகக் கணக்கு வச்சுக்க ஒரு ப்ரோக்ராம் எழுத ஆரம்பிச்சார் (சிரிக்காதீங்க, உண்மை). லேப்ல இருந்த ஜேபிஎல்டிஸ்ங்கிற பெரிய கம்ப்யூட்டர் மென்பொருள் தான் முன்மாதிரி. ஸ்டார் ட்ரெக் ஸ்பாக்கோட கிரகத்து ஞாபகமா 'வல்கன்'னு பேரு வச்சார். அவரால விக்க முடியல. ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீன்னு ரெண்டு பேர் வாங்கி 'டிபேஸ் 2'ன்னு பேர் மாத்தி வித்தாங்க. டிபேஸ் 1ன்னு ஒண்ணு வந்ததே இல்ல. 2ன்னு போட்டா ஏற்கனவே தேறின சரக்கு மாதிரி இருக்கும்ல! கம்பெனி பேரு ஆஷ்டன்-டேட். அதுல டேட் உண்டு, ஆஷ்டன்னு ஒரு ஆளே கிடையாது. அந்தக் காலத்துலயே மார்க்கெட்டிங்ல பின்னிருக்காங்க.

1984ல டிபேஸ் 3 வந்துச்சு. அதே 1984 நவம்பர்ல தான் ராஜீவ் காந்தி அரசு புதுக் கம்ப்யூட்டர் கொள்கையை அறிவிச்சு இறக்குமதியைத் தளர்த்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தது நம்ம ஊருக்கு வாய்ச்சது. தட்டச்சுப் பயிலகம் நடத்தினவங்க மாடியில ரெண்டு பொட்டியைப் போட்டு 'கம்ப்யூட்டர் சென்டர்' போர்டு மாட்டினாங்க. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் 3 ப்ளஸ். ஆறு மாசக் கோர்ஸ். செருப்பைக் கழட்டி வெளிய போட்டுட்டுத் தான் உள்ள போகணுமாம். காசு குடுத்து டிபேஸ் வாங்கினவங்க எத்தனை பேர்னு மட்டும் கேக்கக்கூடாது.

அந்த சென்டர்ல படிச்சவங்கள்ல சூட்டிகையான பசங்க பொழைப்பா எடுத்துக்கிட்டது கிளிப்பர். நன்டக்கெட்ங்கிற கம்பெனி 1985ல வெளியிட்டது. டிபேஸ்ல எழுதினா ஓட்டுறவன் பொட்டியிலயும் டிபேஸ் இருக்கணும். கிளிப்பர்ல எழுதினா ஒரே எக்ஸி ஃபைல். ஃப்ளாப்பியில போட்டு சைக்கிள்ல போய்க் குடுத்துட்டு வந்துரலாம். யாருக்கும் லைசென்ஸ் காசு கட்ட வேண்டாம், மூல நிரலையும் யாரும் பாக்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி இது தான் கழுத்தை நெரிக்கும்.

இந்தப் பக்கம் ஒஹாயோவுல டேவ் ஃபுல்டன் கம்பெனி ஃபாக்ஸ்பேஸ், அப்புறம் 1989ல ஃபாக்ஸ்ப்ரோன்னு கொண்டு வந்துச்சு. வேகம்னா வேகம். ஆஷ்டன்-டேட் கோவப்பட்டு கோர்ட்டுக்குப் போச்சு. 1990 டிசம்பர்ல நீதிபதி டெர்ரி ஹாட்டர், 'உங்க டிபேஸ் ஜேபிஎல்டிஸ்ல இருந்து வந்ததுன்னு பதிவு பண்ணும்போது சொல்லல, காப்புரிமையே செல்லாது'ன்னு போட்டார் ஒரு போடு. அடுத்த வருஷம் அவரே அதைத் திரும்ப வாங்கிட்டார். ஆனா அதுக்குள்ள ஆஷ்டன்-டேட் ஆட்டம் கண்டு 1991ல போர்லண்ட் வாங்கிருச்சு. 1992ல ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு, அதே வருஷம் நன்டக்கெட்டை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்குச்சு. ஆக, கோவில்பட்டியில அண்ணன்மார் உக்காந்து மும்முரமா கிளிப்பர் எழுதிக்கிட்டிருந்த நேரத்துல, அதைப் பெத்தவங்க மூணு பேரும் வேற வீட்டுக்குக் குடி போயாச்சு. தகவல் இங்க வந்து சேரல, அவ்வளவு தான்.

இப்ப எர்ரருக்கு வருவோம்.

முதல் எர்ரர், தலைப்புல இருக்குறது. 'ஓப்பன் எர்ரர்'னு போட்டு ஒரு ஃபைல் பேரு, பக்கத்துல அடைப்புக்குறியில 'டாஸ் எர்ரர் 4'. கிளிப்பர் ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சொந்தக்காரன். பாக்குறவங்க ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்படுவாங்க. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகிருக்காது. டாஸ்ல ஒரு ப்ரோக்ராம் ஒரே நேரத்துல இத்தனை ஃபைல் தான் தெறக்கலாம்னு ஒரு எண்ணிக்கை உண்டு, வழக்கமா 20. அதுலயே அஞ்சு, கீபோர்டு, ஸ்க்ரீன், ப்ரிண்டர்னு மொதல்லயே போயிரும். ஆள் பட்டியல் ஒரு ஃபைல், அதுக்கு ரெண்டு இண்டெக்ஸ், கூலி ஒரு ஃபைல், அதுக்கு மூணு இண்டெக்ஸ்... பொறியில மாட்டின எலி மாதிரி சுத்தி நிக்கும். கான்ஃபிக்.சிஸ் ஃபைல்ல 'ஃபைல்ஸ்' எண்ணைக் கூட்டணும், 'செட் கிளிப்பர்'னு ஒரு வரியும் போடணும். பொட்டி மாத்தும்போதெல்லாம் இந்த ரெண்டு வரியைப் புதுப் பொட்டியில போட மறப்பாங்க, எர்ரர் திரும்ப வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல இன்னும் கூத்து. கான்ஃபிக்.சிஸ்ல என்ன எழுதினாலும் எக்ஸ்பி கண்டுக்காது. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள கான்ஃபிக்.என்டின்னு ஒளிஞ்சு கிடக்குற ஃபைல்ல எழுதணும். அது தெரிஞ்ச ஆளுக்கு ஊர்ல ஒரு மரியாதை இருந்துச்சாம்.

ரெண்டாவது எர்ரர் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1997, 98 வாக்குல பென்டியம் 2 வந்துச்சு. காசு போட்டு வேகமான பொட்டி வாங்கினவங்களுக்கு டர்போ பாஸ்கல்ல எழுதின ப்ரோக்ராம் தெறந்த உடனே 'ரன்டைம் எர்ரர் 200'. அதாவது, பூஜ்யத்தால வகுத்துட்டேன்னு சொல்லுது. ஆனா யாரும் பூஜ்யத்தால வகுக்கல! நடந்தது இது தான்: ப்ரோக்ராம் ஆரம்பிக்கும்போது, பொட்டி எவ்வளவு வேகம்னு தெரிஞ்சுக்க ஒரு கடிகாரத் துடிப்புக்குள்ள (55 மில்லி செகண்ட்) வெறும் சுத்து எத்தனை சுத்த முடியுதுன்னு எண்ணும். அதை 55ஆல வகுத்து 16 பிட் இடத்துல வைக்கும். அதுல 65,535க்கு மேல நிக்காது. சுமார் 36 லட்சம் சுத்தைத் தாண்டினா விடை இடத்துக்குள்ள அடங்காது. விடை அடங்கலைன்னாலும் ப்ராசஸர் அடிக்கிறது அதே 'வகுத்தல் பிழை' மணி தான். எழுதினவன் பாவம், மனுஷன் செய்யுற பொட்டி இவ்வளவு வேகமா ஓடும்னு நெனச்சுப் பாக்கல. ஃபாக்ஸ்ப்ரோ 2.6லயும் வேகமான பொட்டிகள்ல இதே மாதிரி 'டிவைட் பை ஜீரோ' வந்து, மைக்ரோசாஃப்ட் ஒட்டு போட்டுக் குடுக்க வேண்டியதாச்சு. பொட்டியைப் பழுது பாத்தா ப்ரோக்ராம் ஓடும். இங்க பொட்டி நல்லா இருக்குறதால தான் ஓடல.

மூணாவது, ஊரறிஞ்ச 2000. டிபேஸ் ஃபைல்ல தேதியை நாலு இலக்க வருஷத்தோட 8 எழுத்தா தான் எழுதி வச்சிருக்கும்; அதுல பிரச்சனையே இல்ல. ஆனா திரையில ரெண்டு இலக்கம் தட்டினா அதை 19ன்னே எடுத்துக்கும். 01ன்னு தட்டினா 1901. கிளிப்பர் 5ல இதுக்கு 'செட் எப்பாக்'னு ஒரு கட்டளை இருந்துச்சு. எந்த வருஷத்துக்குக் கீழ இருந்தா 20ன்னு எடுத்துக்கணும்னு சொல்லிரலாம். சம்மர் 87ன்னு சொல்ற பழைய பதிப்புல எழுதினவங்க எல்லாத்தையும் தோண்டித் துருவினாங்க.

ஆனா 2000த்தோட உண்மையான பாதிப்பு வேற. அந்த எப்பாக் வரியைப் போடத் தெரிஞ்ச பசங்களை எல்லாம் சென்னைக்காரனும் அமெரிக்காக்காரனும் அள்ளிக்கிட்டுப் போயிட்டான். கரிசக்காட்டுல கிளிப்பர் எழுதிக்கிட்டிருந்த அண்ணன்மார் எங்கயோ பச்சை அட்டையோட செட்டில் ஆனாங்க. நல்லா இருக்கட்டும். மூல நிரல் ஃப்ளாப்பியும் கூடவே போச்சு, இல்ல பரண்ல பூஞ்சை பிடிச்சுச்சு. ஊர்ல மிஞ்சினது எக்ஸி ஃபைல் மட்டும். மேல ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொன்னேனே, அது.

சரி, அப்பவே எல்லாம் செத்திருக்கணுமே, ஏன் சாகல? வியாபாரக் கணக்கு ப்ரோக்ராம்கள் செத்துச்சு. 2007 ஜனவரியில தமிழ்நாட்டுல வாட் வந்தப்போ பாதி, 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ மிச்சம். எல்லாரும் டாலி பக்கம் போயிட்டாங்க. சம்பளக் கணக்குக்கு அந்த நெருக்கடி வரல. கூலி ரேட்டு மாறும், பி.எஃப் உச்சவரம்பு மாறும் (2014 செப்டம்பர்ல 6,500ல இருந்து 15,000), அதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைல்ல எண்ணை மாத்தினா போதும். பழைய கம்ப்யூட்டர் உருமிக்கிட்டே ஓடும். உருமிக்கிட்டேன்னு சும்மா சொல்லல. கிளிப்பர் ப்ரோக்ராம் ஒரு கீயை எதிர்பாத்து நிக்கும்போது தூங்காது. 'அழுத்திட்டாங்களா, அழுத்திட்டாங்களா'ன்னு விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். டாஸ்ல வேற ப்ரோக்ராமே ஓடாததால அது தப்பில்ல. எக்ஸ்பியில ப்ராசஸர் 100 சதவீதம் காட்டும், ஃபேன் அலறும்.

இந்த மாதிரி ஒரு ஆபீஸ்ல தான் எங்க மாமா கணக்குப்பிள்ளை. ஆபீஸ் பேர் வேண்டாம். ஒரு நாள் ஃபோன்.

"மருமகனே, பழைய பொட்டி மண்டையப் போட்டுருச்சு. புதுப் பொட்டில நம்ம சம்பளக் கணக்கு தெறக்க மாட்டேங்குதுய்யா."

"மாமா, எதுக்கு இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? இப்ப தான் வேற சாப்ட்வேர் இருக்குல்ல."

"நடப்புக் கணக்கு அதுல தான் ஓடுது. இது பழசு வேணும். ஒரு பொம்பளப்புள்ள வந்து நிக்குதுய்யா, 96ல இருந்து 2004 வரைக்கும் நம்மகிட்ட தான் வேலை பாத்துச்சு. ரெஜிஸ்டர்லாம் கரையான் தின்னுருச்சு."

விஷயம் இது தான். 1995 பென்சன் திட்டத்துல மாசப் பென்சன் வேணும்னா குறைஞ்சது 10 வருஷம் சர்வீஸ் இருக்கணும். அந்த அக்கா இங்க 8 வருஷம், அப்புறம் இன்னொரு ஆபீஸ்ல 4 வருஷம். சேத்தா 12. சேக்காட்டி, 8ம் 4ம் தனித்தனி, பென்சன் கிடையாது, கையில ஒரு தொகையைக் குடுத்து அனுப்பிருவாங்க. இப்ப மாதிரி ஒரே எண்ணுல எல்லா வேலையும் சேர்ற யுஏஎன் 2014ல தான் வந்துச்சு. மாசாமாசம் ஆன்லைன்ல கணக்கு ஏத்துறதே 2012ல தான். அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் ஒவ்வொருத்தருக்கும் 3ஏ படிவம். அந்த 3ஏவை அடிச்சுக் குடுத்தது இந்த கிளிப்பர் ப்ரோக்ராம்.

போனேன். புதுப் பொட்டி விண்டோஸ் 11. எக்ஸியைத் தட்டினா, இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது, வெளியீட்டாளரைக் கேளுங்கள்னு வருது. வெளியீட்டாளர் 1999ல ப்ளேன் ஏறினவர்!

இது நாலாவது எர்ரர், எல்லாத்துக்கும் பெரியப்பன். 1993ல விண்டோஸ் என்டி வந்தப்போவே பழைய டாஸ் ப்ரோக்ராமுக்குன்னு உள்ள ஒரு பொய் டாஸைக் கட்டி வச்சாங்க, பேரு என்டிவிடிஎம். அது ப்ராசஸர்ல இருக்குற 'வர்ச்சுவல் 8086'ங்கிற வசதியை நம்பி ஓடுச்சு. ப்ராசஸர் 64 பிட் முறைக்குப் போனா அந்த வசதி அதுல கிடையாது. அதனால 64 பிட் விண்டோஸ்ல என்டிவிடிஎம்மும் கிடையாது. விஸ்டா, 7 வரும்போதே ஆரம்பிச்சது. ஆனா 32 பிட் விண்டோஸும் கூடவே கிடைச்சதால தப்பிச்சு வந்தாங்க. 2021ல வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்ல. 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிஞ்சுது. கதவு சாத்தியாச்சு.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டினேன். நல்லவேளை, சுத்துச்சு. ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, டாஸ்பாக்ஸ்ல ஓட விட்டேன். கேம் ஆடுறவங்களுக்காக 2002ல வந்த மென்பொருள். பொட்டிக்குள்ள ஒரு முழு டாஸ் பொட்டியையே நடிச்சுக் காட்டும். பச்சை மெனு வந்துச்சு. மாமா மூஞ்சியப் பாக்கணுமே! பாஸ்வேர்டை யோசிக்காம தட்டினாரு. பி.எஃப் நம்பரைத் தட்டினா, 'ஆள் இல்லை'.

"வேலைய விட்டுப் போனவங்கள நாந்தான் டெலிட் பண்ணுவேன் மருமகனே..." மாமா குரல் இறங்கிருச்சு.

இங்க தான் டிபேஸ் ஃபைலோட அமைப்பைப் பத்திச் சொல்லணும். ரொம்ப எளிமையானது. ஃபைலோட தலையில 32 பைட்: எந்த வகை, கடைசியா எப்ப மாத்தினது, மொத்தம் எத்தனை வரி, தலை எவ்வளவு நீளம், ஒரு வரி எவ்வளவு நீளம். அடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பைட். அப்புறம் வரி வரியா டேட்டா, நோட்பேட்ல தெறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரே ஒரு பைட். அது காலியா இருந்தா வரி உயிரோட இருக்கு. நட்சத்திரக் குறி இருந்தா டெலிட் ஆனது. அவ்வளவு தான்! டெலிட்னா அழிக்கிறது இல்ல, நெத்தியில ஒரு நட்சத்திரம். 'பேக்'னு ஒரு கட்டளை குடுத்தா தான் நட்சத்திர வரியை எல்லாம் நிஜமாவே தூக்கும். அந்த ப்ரோக்ராமை எழுதின அண்ணன் பேக் கட்டளையை மெனுவுல வைக்கவே இல்ல. பயந்தாரோ, சோம்பலோ, ஏதோ ஒண்ணு. அவருக்குக் கோடி நமஸ்காரம்.

ஒரு பக்கத்துக்கும் குறைவான பைத்தான் நிரல். தலையைப் படி, நட்சத்திரத்தைக் கண்டுக்காம எல்லா வரியையும் எடு. 1993ல இருந்து வேலை பாத்த அத்தனை பேரும் வந்து நின்னாங்க. வருஷவாரி பி.எஃப் ஃபைல்கள்ல ஆள் பேரே இல்ல, நம்பரும் மாசத் தொகையும் மட்டும் தான். நம்பரையும் பேரையும் சேக்குறது அந்த ஆள் பட்டியல் ஒண்ணு தான். அது போயிருந்தா மிச்சம் வெறும் எண்கள்.

ரெண்டு சிக்கல் வந்துச்சு. ஒரு வருஷ ஃபைல்ல கடைசி மாச வரிகள் காணோம். எங்க ஊர்ல கரண்ட் போறது புதுசா? வரியை எழுதின பின்னாடி, தலையில இருக்குற மொத்த எண்ணிக்கையைத் திருத்துறதுக்குள்ள கரண்ட் போயிட்டா, வரி ஃபைல்ல இருக்கும், கணக்குல இருக்காது. தலை சொல்றதை நம்பாம, ஃபைல் அளவுல இருந்து தலை நீளத்தைக் கழிச்சு ஒரு வரியோட நீளத்தால வகுத்தா உண்மையான எண்ணிக்கை வந்துரும். வந்துச்சு.

இன்னொண்ணு பேரு. அந்த அக்காவோட அப்பா பேரு இருக்க வேண்டிய இடத்துல வேற பேரு. தப்பான ஆளோன்னு முழிச்சோம். மாமா தான் சொன்னாரு, அது அவங்க வீட்டுக்காரர் பேராம். டிபேஸ்ல ஒரு கட்டத்தோட பேரு 10 எழுத்துக்கு மேல போகக்கூடாது. இங்கிலீஷ்ல ஃபாதர்நேம்னு எழுதினா சரியா 10. ஹஸ்பண்ட்நேம் 11! அதனாலயா, இல்ல படிவத்துலயே 'தந்தை/கணவர்'னு ஒரே இடமா இருந்ததாலயான்னு எழுதினவரைத் தான் கேக்கணும். ஒரே கட்டம் தான் வச்சிருந்தாரு. கல்யாணம் ஆனதும் அப்பா பேரை அழிச்சுப் புருஷன் பேரை ஏத்திருக்காங்க. பேரு பொருந்தலைன்னு எத்தனை பொம்பளைங்க பி.எஃப் காசுக்கு அலைஞ்சிருப்பாங்களோ.

எட்டு வருஷத்துக் கணக்கையும் அச்சடிச்சு, ஆபீஸ் முத்திரை குத்தி, மொதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. அந்த அக்கா அதைக் கையில வாங்கி, மொத வருஷத்துத் தாளைப் பாத்து, "அப்ப எனக்கு வாரம் இவ்வளவு தான் கெடச்சுச்சா"ன்னு சிரிச்சாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இந்த ஃபைல் அமைப்பு முழுக்க வெளிப்படையா எழுதி வச்சது. ஆஷ்டன்-டேட் செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அவங்க ஃபைலை இன்னைக்கு லிப்ரேஆபீஸ் தெறக்கும், பைத்தான் தெறக்கும். வரைபடத் துறையில இருக்குற நண்பர்களுக்குத் தெரியும், ஷேப்ஃபைல்னு ஒண்ணு தர்றாங்களே, அதுல மூணுல ஒரு ஃபைல் சாட்சாத் டிபேஸ் தான்.

இதுக்கு அடுத்த தலைமுறை ப்ரோக்ராம்கள் இன்னும் மோசமா அவதிப்பட்டுச்சுன்னு தான் சொல்லுவேன். 32 பிட்ல டெல்ஃபியோட போர்லண்ட் டேட்டாபேஸ் எஞ்சின் வச்சு எழுதினது, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ இதெல்லாம். விஸ்டா வந்ததும் சி ட்ரைவோட வேர்ல போர்லண்ட் எஞ்சின் தன்னோட நெட் ஃபைலை எழுதப் போகும், அனுமதி கிடையாதுன்னு வாசல்லயே நிறுத்திருவாங்க. டிஸ்க்ல காலியிடம் சரியா 4 ஜிபியோட மடங்குக்குப் பக்கத்துல இருந்தா 'இடம் போதவில்லை'ன்னு வேற சொல்லும். நூறு ஜிபி காலியா கிடக்கும்! ஒரு பெரிய ஃபைலைத் தேவையில்லாம நகல் எடுத்துப் போட்டா சரியாயிரும். மந்திரம் இல்ல, 32 பிட் எண்ணுல கழிச்சுப் பாக்குற கணக்கு.

எல்லாத்தையும் விடக் கொடுமை விஸ்டாவோட வர்ச்சுவல் ஸ்டோர். ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள பழைய ப்ரோக்ராம் எழுதப் போனா, விண்டோஸ் தடுக்காது. 'சரி, எழுதிட்டேன்'னு சொல்லிட்டு அந்தந்த ஆளோட தனி ஃபோல்டர்ல ஒளிச்சு வைக்கும். காலையில ஒருத்தர் லாகின்ல பதிஞ்ச பில்லு, சாயங்காலம் இன்னொருத்தர் லாகின்ல இருக்காது. எர்ரரே வராது. டாஸ் எர்ரர் 4 எவ்வளவோ யோக்கியமானது, மூஞ்சிக்கு நேரா சொல்லும். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 2007ல மைக்ரோசாஃப்ட் இனி புதுப் பதிப்பு வராதுன்னு சொல்லிருச்சு, 2015 ஜனவரியோட ஆதரவும் முடிஞ்சுது.

உங்க ஊர்லயும் இந்த மாதிரிப் பொட்டி எங்கயாவது ஓடிக்கிட்டிருந்தா மொதல்ல ஃபோல்டரை நகல் எடுங்க. இண்டெக்ஸ் ஃபைல் போனா கவலைப்படாதீங்க, திரும்பக் கட்டிக்கலாம். டிபிஎஃப் தான் சொத்து. பாக்க மட்டும்னா டாஸ்பாக்ஸ் போதும். தினமும் ஓட்டி டாட் மேட்ரிக்ஸ்ல அச்சும் அடிக்கணும்னா விடாஸ், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மாதிரி அச்சு வசதியோட வர்றது நல்லது. மூல நிரல் இருக்குற பாக்கியசாலிகளுக்கு ஹார்பர் இருக்கு; கிளிப்பர் மொழியை அப்படியே வாங்கி இன்னைய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் எக்ஸி பண்ணிக் குடுக்கும் கட்டற்ற கம்பைலர், 1999ல ஆரம்பிச்ச திட்டம். பழைய கிளிப்பர் ஆசாமிகள் உலகம் பூரா உக்காந்து கட்டினது.

கடைசியா ஒண்ணு. மாமாவோட எக்ஸி ஃபைலைச் சும்மா தேதி தட்டி சோதிச்சுப் பாத்தேன். 2000த்துக்காக அந்த அண்ணன் ப்ளேன் ஏறுறதுக்கு முன்னாடி எப்பாக் வரியைப் போட்டுட்டுத் தான் போயிருக்காரு. 29ன்னு தட்டினா 2029ன்னு எடுத்துக்குது. 30ன்னு தட்டினா 1930. அவர் மட்டும் இல்ல, அந்தக் காலத்துல நெறைய பேர் 1930ஐத் தான் எல்லையா வச்சாங்க. அதுக்குள்ள யாராவது புதுசா எழுதிருவாங்கன்னு நெனச்சிருப்பாங்க. மாமாகிட்ட சொன்னேன். "2030ல நான் ரிட்டயர்டு மருமகனே"ன்னுட்டாரு.